கால்நடை மருத்துவர் பதில்: கையில் பணம் குறைவு, மேயும் வாத்துகளை எப்படிக் காப்பது?

பெயரை வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. வீட்டுக்குப் பின்னால் 60 அடிக்கு 80 அடி அளவில் ஒரு தோட்டம். அதன் மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குட்டை. ஒன்றரை ஆண்டுகளாக அங்கே 14 வாத்துகளை வளர்த்துவருகிறார். அவை பகல் முழுவதும் தோட்டத்தில் மேய்ந்துவிட்டு, இரவில் குட்டைக் கரையிலேயே படுத்துக்கொள்ளும். தோட்டத்தைச் சுற்றி மூன்றடி உயரத்துக்குக் கோழிவலை கட்டியிருக்கிறார். கடந்த ஐந்து வாரங்களில் 5 வாத்துகள் போய்விட்டன. இரண்டு வாத்துகள் வெவ்வேறு நாட்களில் பொழுது சாயும் நேரத்தில் காணாமல் போயின. வேலியோரப் புதரருகே ஒரு பிடி இறகு மட்டும் கிடந்தது. பிறகு ஒரே இரவில் மூன்று வாத்துகள் தோட்டத்தின் வெவ்வேறு மூலைகளில் செத்துக் கிடந்தன. அவற்றை எதுவும் தின்றிருக்கவில்லை. முதுகிலும் பின்பக்கத்திலும் இறகு பிய்ந்திருந்தது. கோழிவலையின் அடிப்பகுதி ஓரிடத்தில் மேல்நோக்கி வளைந்திருந்தது. மீதமுள்ள 9 வாத்துகளில் ஒரு பெட்டைக்கு முதுகில் கடிகாயம். அதற்குக் களிம்பு தடவி மறுபடியும் கூட்டத்தோடு விட்டிருக்கிறார். புதரடியில் இடும் முட்டைகளும் அடிக்கடி காணாமல் போகின்றன.

வீட்டு வருமானம் சுருங்கியிருக்கும் நேரத்தில், முட்டை விற்று வரும் சிறு தொகையும் நின்றுவிடுமோ என்று அஞ்சும் அவர் கேட்பவை இவை: செத்த வாத்தில் விஷம் வைத்துவிடலாம் என்கிறார் மைத்துனர், செய்யலாமா? கடன் வாங்கித் தோட்டம் முழுவதற்கும் உயரமான வேலி போடுவதா? வாத்துகளை நாள் முழுக்க அடைத்து வைப்பதா, அது கொடுமை ஆகாதா? ஒரு நாய் வளர்த்தால் போதாதா?

அன்புள்ள சகோதரிக்கு,

‘சுதந்திரமாக விட்டேன், அதனாலேயே அவற்றைச் சாகக் கொடுத்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைத்து வருந்த வேண்டாம். மேய விட்டதில் தவறே இல்லை. புழு பூச்சியும் நத்தையும் புல்லும் தேடி நடமாடும் வாத்துக்குக் கால்கள் உறுதியாக இருக்கும், உடலில் தேவையில்லாத கொழுப்பு சேராது. தவறிப்போனது ஓர் இடம்தான். அது அவை உறங்கும் இடம். இந்தப் பதிலில் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த ஓர் இடத்தைப் பற்றியதாகவே இருக்கும். கடன் வாங்க வேண்டாம். தோட்டத்தைக் காக்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டு, கையில் இருக்கும் பணம் முழுவதையும் இரவுக் கூட்டில் போடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே புரியும். உங்கள் தோட்டத்தின் சுற்றளவு 280 அடி. நாய் தாண்டாத அளவுக்கு ஆறடி உயரத்தில் வலை கட்டுவதென்றால் 1,680 சதுர அடி வலை வேண்டும். தூண்களின் செலவு தனி. அவ்வளவு செய்தாலும் மேலே வானம் திறந்திருக்கும், அடியில் மண்ணைத் தோண்டி எதுவும் நுழையலாம், 280 அடியில் எங்கே ஓர் ஓட்டை விழுந்தது என்று தினமும் நடந்து பார்க்கவும் வேண்டும். இரவுக் கூட்டில் ஒரு வாத்துக்கு 4 சதுர அடி இருந்தால் போதும். உங்களிடம் உள்ள ஒன்பதுக்கும் 36 சதுர அடி, அதாவது ஆறடிக்கு ஆறடி. மறுபடியும் 14 ஆக்கும் எண்ணம் இருந்தால் ஏழடிக்கு எட்டடி. அப்போதும் சுற்றளவு 30 அடியைத் தாண்டாது. முப்பது அடியை ஒருவர் தினமும் சுற்றிப் பார்த்துக் கையால் அழுத்திச் சரிபார்த்துவிட முடியும்.

வந்தது யார்?

எல்லாவற்றையும் செய்தது ஒரே விலங்கு என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் விவரித்திருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒவ்வொன்றாக, உடலே கிடைக்காமல், ஒரு பிடி இறகை மட்டும் விட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் நரியின் வேலை. நரி இரையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் வைத்துத் தின்னும். ஒரே இரவில் பலவற்றைத் துரத்திக் கடித்து, தின்னாமல் அங்கங்கே போட்டுவிட்டுப் போவதும், காயங்கள் முதுகிலும் பின்பக்கத்திலும் இருப்பதும், வலையை அடியிலிருந்து முட்டித் தூக்கியிருப்பதும் நாயையே காட்டுகின்றன. பசிக்காக வந்த நாயாக அது இருக்க வேண்டியதில்லை. ஓடும் பறவையைக் கண்டால் துரத்தும் பழக்கம் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டு வளரும் நாய்க்கும் உண்டு.

மற்ற விலங்குகளின் அடையாளங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கீரியும் மரநாயும் பெரும்பாலும் கழுத்தையும் தலையையும் பிடிக்கும். அவற்றில் கீரி பகலில் வரும், மரநாய் இரவில் வரும், மரமும் கூரையும் ஏறும். பருந்து இனங்கள் பிடித்த இடத்திலேயே இறகைப் பிடுங்கி வட்டமாகச் சிதறவிட்டு, மார்புச் சதையைத் தின்னும். பெரிய ஆந்தை பல நேரங்களில் தலையையும் கழுத்தையும் மட்டும் தின்றுவிட்டு உடலை விட்டுப்போகும். முட்டை ஓடுகூடக் கிடைக்காமல் மறைந்தால் பாம்பை நினைக்கலாம். குத்தி உடைத்த ஓடுகள் அங்கங்கே கிடந்தால் காகத்தை நினைக்கலாம். குஞ்சுகள் சத்தமில்லாமல் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வந்தால் முதலில் எலி வளையைத் தேடுங்கள்.

செலவில்லாமல் உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. வலை வளைந்திருக்கும் இடத்திலும் புதரருகிலும் இரண்டடி அகலத்துக்கு மெல்லிய மணலையோ சலித்த சாம்பலையோ பரப்பி, லேசாக நீர் தெளித்துப் பலகையால் சமப்படுத்தி வையுங்கள். காலையில் அதில் கால்தடம் பதிந்திருக்கும். நாய், நரி இரண்டின் தடத்திலும் விரல்களுக்கு முன்னால் நகப்புள்ளிகள் தெரியும். நரியின் தடம் ஒடுங்கி நீண்டும், நாயின் தடம் விரிந்தும் இருக்கும். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் அதன் தடத்தில் நகம் தெரியாது. தடத்தின் அருகே ஒரு குச்சியை அளவுக்கு வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது பயன்படும்.

மருத்துவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடிபட்டுக் கிடக்கும் வாத்து கடியால்தான் செத்தது என்று எப்போதும் முடிவு செய்துவிட முடியாது. நோயால் செத்ததை இரவில் வந்த விலங்கு கடித்திருக்கலாம். உயிரோடு இருக்கும்போது கடித்திருந்தால் காயத்தைச் சுற்றித் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டியிருக்கும். செத்த பிறகு கடித்திருந்தால் இரத்தக்கட்டு இராது. இதை நீங்கள் அறுத்துப் பார்க்க வேண்டாம். காயமே இல்லாமல் அடுத்தடுத்து வாத்துகள் செத்தால், வெறுங்கையால் தொடாமல், உடனே அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். பறவைக் காய்ச்சலை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன். கழுத்தைத் தூக்க முடியாமல், கால் துவண்டு, கரையில் சாய்ந்து கிடக்கும் வாத்தைப் பார்த்தால், பாம்பு தீண்டியது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தேங்கிய நீரில் அழுகிய உடலிலிருந்தும் அதில் நெளியும் புழுக்களிலிருந்தும் வரும் போட்டுலிசம் என்ற நச்சுநோயாலும் அப்படி ஆகும். ஓட முடியாத அப்படிப்பட்ட வாத்துதான் வேட்டை விலங்குக்கு முதலில் அகப்படும். ஆகவே செத்த உடலைக் குட்டையருகே ஒரு நாள்கூட விட்டுவைக்காதீர்கள்.

இரவுக் கூடு

தண்ணீர் அருகில் இருந்தால் வாத்து தப்பித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பெரிய ஏரிக்குப் பொருந்தலாம்; அங்கேயும் முழுமையாகப் பொருந்தாது. முழங்கால் ஆழமுள்ள குட்டையில் நாய் நடந்தே போய்விடும். ஆண் வாத்து பெட்டைகளைக் காக்கும் என்பதையும் நம்பியிருக்க வேண்டாம். அதனிடம் நாயையோ நரியையோ எதிர்க்கும் அலகும் இல்லை, நகமும் இல்லை.

அடைப்பது கொடுமை அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். வாத்து எப்படி உறங்குகிறது என்று சொன்னால் உங்கள் மனம் ஆறும் என்று நினைக்கிறேன். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், வரிசையாக உறங்கும் வாத்துகளைக் கவனித்தார்கள். நடுவில் இருந்தவை இரு கண்களையும் மூடி உறங்கின. ஓரத்தில் இருந்தவை, மூளையின் ஒரு பாதியை விழிக்கவைத்து, கூட்டத்துக்கு வெளிப்புறம் நோக்கிய கண்ணைத் திறந்தபடி மிகுதியான நேரம் கழித்தன. உங்கள் குட்டைக் கரையில் ஒன்பது வாத்துகளில் எத்தனை ஓரத்தில் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நான்கு பக்கமும் மூடிய கூட்டில் இரவைக் கழிப்பது அவற்றுக்குச் சிறையாகாது. நிம்மதியாக உறங்கக் கிடைத்த இடமாகவே இருக்கும்.

கூட்டை எதைக் கொண்டு வேண்டுமானாலும் கட்டலாம். பழைய கதவுகள், சரக்கு அடுக்கும் மரச்சட்டங்கள், கழற்றிப்போட்ட தகரம், உடைந்த அலமாரி என்று கிடைப்பதைச் சுவராக்குங்கள். மூன்றடி உயரம் போதும், ஆனால் சுத்தம் செய்யக் கூரையின் ஒரு பாதியாவது கீல் போட்டுத் திறக்கும்படி இருக்கட்டும். வாத்து தரையில் உறங்கும் பறவை; கோழிக்கு வைப்பதுபோல் உயரத்தில் கம்பு தேவையில்லை. ஏறிவரும் பலகை வைத்தால் சரிவு மிக மெதுவாக இருக்க வேண்டும். வாசல் சற்று அகலமாக இருப்பது நல்லது, ஏனென்றால் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுமையாக வருவதில்லை. ஒரே நேரத்தில் முண்டியடிக்கும்போது கால் பிசகிக்கொள்ளும்.

பணம் செலவழிக்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: நல்ல வலை. நீங்கள் கட்டியிருக்கும் அறுகோணக் கண் கொண்ட கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. அதன் கம்பியை நாய் பல்லால் பிய்த்துவிடும். எலிக்கும் சிறு பாம்புக்கும் அதன் கண்கள் திறந்த வாசல். கூட்டுக்கு வேண்டியது, துத்தநாகம் பூசி, குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த, அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ். பெரிய எலி நுழைய முடியாத அளவு அது. சுவரைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்துவிட்டால் வலை இரண்டு இடங்களுக்கு மட்டும் போதும். முதலாவது, கூரைக்குச் சற்றுக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் விடும் காற்றுத் திறப்புகள். வாத்தின் மூச்சிலும் எச்சத்திலும் ஈரம் மிகுதி. காற்றோட்டம் இல்லாத கூட்டில் ஒரு வாரத்தில் நெடி கண்ணைக் கரிக்கும், மூச்சுக்குழலில் நோய் தொடங்கும். இரண்டாவது, தரை. தரைக்கு அடியில் வலையை விரித்து, சுவரின் அடிச்சட்டத்தோடு விளிம்பைச் சேர்த்து அடித்து, அதன்மேல் ஒரு சாண் மண்ணும் உமியோ காய்ந்த சருகோ வைக்கோலோ போட்டுவிட்டால், தோண்டி வரும் எதுவும் அங்கே முட்டி நின்றுவிடும். வெறும் கம்பியின்மேல் வாத்தை நடக்க விடாதீர்கள்; பாதத்தில் புண் வந்துவிடும். ஏற்கெனவே சிமெண்டுத் தரை இருந்தால் இந்தச் செலவும் இல்லை.

வலையை அடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வளைத்துவிட்ட ஆணியில் மாட்டிய வலையை நாய் ஒரே முட்டில் பிடுங்கிவிடும். வலையின் விளிம்பின்மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்து, சட்டத்தோடு சேர்த்துத் திருகாணி போடுங்கள். பிறகு கட்டைவிரலால் நான்கு பக்கமும் அழுத்திப் பாருங்கள். எங்காவது விரல் உள்ளே போனால் அங்கே எலி போகும் என்று பொருள். கதவுக்கு ஒரு தாழ்ப்பாளோடு நிறுத்தாமல், மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு போட்டு, ஒன்றிலாவது கொக்கியோ சிறு பூட்டோ மாட்டுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் கதவின் கீழ்மூலையை நாய் மூக்கால் நெம்பித் திறப்பதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கூடு முடிய ஒரு வாரம் ஆகலாம். ஒருமுறை இரை கிடைத்த இடத்துக்கு விலங்கு திரும்ப வரும் என்பதால் அந்த ஒரு வாரமும் காத்திருக்க முடியாது. இன்றிரவே சாமான் அறையையோ குளியலறையையோ ஒழித்து, வைக்கோல் பரப்பி, காயம்பட்ட பெட்டையைத் தனியே வைத்துவிட்டு மற்ற எட்டையும் உள்ளே விட்டுக் கதவை மூடிவிடுங்கள்.

மாலையில் வரவழைப்பது

பொழுது சாய்ந்தால் கோழி தானாகக் கூடு அடையும். வாத்து அப்படி வராது, பழக்க வேண்டும். முதல் நான்கைந்து நாட்கள் கூட்டையும் அதையொட்டிய ஒரு சிறு அடைப்பையும் விட்டு வெளியே விடாதீர்கள். பிறகு மாலைத் தீனியைக் கூட்டுக்குள் மட்டும், தினமும் ஒரே நேரத்தில், ஒரே குரல் கொடுத்து வையுங்கள். பகலில் கொஞ்சம் பசியோடு மேய்ந்தால்தான் மாலையில் அந்தக் குரலுக்கு மதிப்பு இருக்கும். முரண்டு பிடிக்கும் நாட்களில் ஓடிப் பிடிக்க வேண்டாம். இரு கைகளிலும் நீண்ட குச்சியை விரித்துப் பிடித்தபடி பின்னால் மெதுவாக நடந்தால் கூட்டம் மொத்தமாக முன்னே நகரும். இரண்டு வாரத்தில் பெரும்பாலான கூட்டங்கள் பழகிவிடும். முக்கியமானது நேரம்: இருட்டிய பிறகு அடைப்பதில் பயனில்லை. உங்கள் இரண்டு வாத்துகள் போனது பொழுது சாயும் நேரத்தில்தான் என்பதை மறக்க வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே எண்ணி உள்ளே விட்டு மூடுங்கள்.

காலையில் திறப்பதற்கும் அவசரம் வேண்டாம். வாத்து பெரும்பாலும் விடியலை ஒட்டியே முட்டையிடும். எட்டு, ஒன்பது மணி வரை உள்ளே வைத்திருந்தால் முட்டை கூட்டிலேயே கிடைக்கும். புதரடியில் மறையும் முட்டைக்கும் இதுவே தீர்வு. விடியற்காலையில் சுற்றும் நரியும் வெறும் வாயோடு திரும்பிவிடும். இரவில் தீனி வைப்பதாக இருந்தால் அருகே தண்ணீரும் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் வாத்து தண்ணீரோடுதான் விழுங்கும். தண்ணீர் இல்லாவிட்டால் தீனி தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மாலைத் தீனி முடிந்தபின் மிச்சத்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும், அலகை நாசித்துளை வரை நனைக்கும் ஆழத்தில், கவிழாத பாத்திரத்தில் வைப்பதே நான் பரிந்துரைப்பது. சிந்திய தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

பகலில்

பகலை முழுமையாகப் பாதுகாப்பாக்க முடியும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மேயவிடும் ஒவ்வொருவரும் ஒரு சிறு இழப்புக்கு இடம் கொடுத்தே மேயவிடுகிறார்கள். அந்த இடத்தைக் குறுக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது. வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் தோட்டம் முழுக்க மேயட்டும். எல்லோரும் வெளியே போகும் நேரத்தில் கூட்டையொட்டிய சிறு அடைப்பில் இருக்கட்டும். இப்போதிருக்கும் கோழிவலையை வீணாக்க வேண்டாம்: தோட்டத்தைச் சுற்றியிருப்பதைக் கழற்றி, அந்தச் சிறு அடைப்புக்கு இரட்டையாகக் கட்டுங்கள். மிஞ்சும் வலையை அடைப்பின் வெளிப்புறத்தில் தரையோடு தரையாக ஒன்றரை அடி அகலத்துக்கு விரித்து, கல்லோ வளைத்த கம்பியோ கொண்டு அழுத்திவிடுங்கள். தோண்டும் விலங்கு வேலி ஓரத்திலேயே தோண்டத் தொடங்கும்; இரண்டு எட்டு பின்னால் போய்த் தொடங்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. புல் வளர்ந்து மூடிவிட்டால் அந்த வலை இன்னும் உறுதியாகும்.

வானத்திலிருந்து வருபவை வளர்ந்த, கனமான வாத்துகளை அதிகம் தொடுவதில்லை, குஞ்சுகளுக்குத்தான் ஆபத்து. தோட்டத்தின் நடுவே ஓரிரு இடங்களில், பழைய மேசை உயரத்துக்கு நான்கு கால் நட்டு ஓலையோ தகரமோ போட்டுவிட்டால் நிழலைக் கண்டதும் ஓடி ஒளிய இடம் கிடைக்கும். மினுங்கும் நாடாக்கள் சில நாட்களுக்குப் பயன்படும், பிறகு பறவைகள் பழகிவிடும். குஞ்சுகளின் அடைப்புக்குமேல் வலை கட்டினால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள்; தொங்கும் நைலான் வலையில் பாம்பும் சிறு பறவைகளும் சிக்கிச் சாகும். வாத்து பறந்துவிடும் என்று சிறகு வெட்டும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாதாரண வளர்ப்பு வாத்துக்குப் பறக்கும் திறன் மிகக் குறைவு. மணிலா வாத்து பறக்கும், ஆனால் நாய் துரத்தும்போது அதற்குத் துணை அந்தச் சிறகுதான்.

வேலியோரப் புதரைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒழுங்குபடுத்தி வெட்டிவிடுங்கள். மறைவு இல்லாத இடத்தைக் கடந்துவர நரி தயங்கும். இதற்குச் செலவு ஒரு பகல் உழைப்புதான்.

மின்னும் சூரிய விளக்குகளை வாங்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். சிலி நாட்டில் மந்தைகளைச் சுற்றி அப்படிப்பட்ட விளக்குகள் வைத்துச் செய்த, 2019-இல் வெளியான ஆய்வில், பூமா என்னும் பெரும்பூனை விலகிப் போயிற்று. நரிகளிடம் அது பலிக்கவில்லை. உங்களுக்குத் தொல்லை நரியும் நாயும் என்றால் அந்தப் பணத்தை வலையில் போடுவதே மேல். நாய் வளர்ப்பதைப் பொறுத்தவரை, பழக்கப்பட்ட வளர்ந்த நாய் அருமையான காவல். ஆனால் குட்டிக்கு வாத்து ஒரு விளையாட்டுப் பொருள். ஓராண்டு, ஒன்றரையாண்டு கண்காணித்துப் பழக்க நேரமும் அதற்கு உணவிட வருமானமும் இருந்தால் மட்டும் யோசியுங்கள். பெருவாத்து (கூஸ்) அந்நியரைக் கண்டால் கத்தும், எச்சரிக்கை மணியாக உதவும். நாயோடு மோதினால் அதுவும் உயிர் இழக்கும்.

விஷம், மின்சாரம், அக்கம்பக்கம்

உங்கள் மைத்துனர் கோபத்தில் சொல்லியிருப்பார். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் விஷம் வேண்டவே வேண்டாம். செத்த வாத்தில் வைத்த விஷம் நரியைத் தேடிப் போய்ச் சேராது; அதை யார் முதலில் தொடுகிறார்களோ அவர்களைக் கொல்லும். அது ஒரு பூனையாக இருக்கலாம், ஆந்தையாக இருக்கலாம், தோட்டத்தில் விளையாடும் குழந்தையாகவும் இருக்கலாம். இழுத்துவரும் வழியில் சிந்தியதை உங்கள் வாத்துகளே தின்னும். விஷம் தின்று செத்த விலங்கைத் தின்னும் விலங்கும் சாகும். பல நாடுகளில் காட்டு விலங்குகளையும் வேட்டைப் பறவைகளையும் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். பிறருடைய நாய்க்கு விஷம் வைப்பதும் அப்படியே. பொறி வைப்பதற்குக்கூடப் பல இடங்களில் அனுமதி வேண்டும். வைப்பதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக் கம்பியில் கொடுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், செத்துக்கொண்டும் இருக்கிறார்கள். மின்வேலி என்பது நொடிக்கணக்கில் விட்டுவிட்டு மிகச் சிறு அதிர்வு தரும், அதற்கென்றே தரச்சான்று பெற்ற கருவியோடு அமைக்க வேண்டிய ஒன்று. உங்கள் கைநிலைக்கு இப்போது அது தேவையில்லை.

வந்தது பக்கத்து வீட்டு நாய் என்று தெரியவந்தால் முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். கால்தடம், வளைந்த வலை, செத்த வாத்துகள் ஆகியவற்றின் படங்களையும், நாள், நேரம், எண்ணிக்கை எழுதிய குறிப்பையும் கையில் வைத்துக்கொண்டு, குற்றம் சாட்டும் குரலில் இல்லாமல், இரவில் நாயைக் கட்டிப்போடும்படி கேளுங்கள். வளர்ப்பு நாய் செய்த சேதத்துக்கு அதன் உரிமையாளர் ஈடு செய்ய வேண்டும் என்பது பல இடங்களில் சட்டம். அதன் விவரம் இடத்துக்கு இடம் வேறுபடும். பேச்சு பலிக்காவிட்டால் அந்தக் குறிப்போடு உள்ளாட்சி அலுவலகத்தையோ ஒரு வழக்கறிஞரையோ அணுகலாம். தெருநாய் என்றால் தகவலை உள்ளாட்சிக்குச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காயம்பட்ட பெட்டை

இதைக் கடைசியில் எழுதினாலும் இன்றே செய்ய வேண்டியது இதுதான். விலங்குக் கடி வெளியே பார்க்கும்போது ஏமாற்றும். இறகை விலக்கினால் பல் பதிந்த இரண்டு சிறு புள்ளிகள்தான் தெரியும். அதற்கடியில் தோல் சதையை விட்டுக் கழன்று, உள்ளே அழுக்கும் கிருமியும் பையாகத் தேங்கியிருக்கும். விரலால் தடவும்போது தோலுக்கு அடியில் நறநறவென்று காற்று நகர்வதுபோல் பட்டால் மூச்சுப்பை கிழிந்திருக்கக்கூடும். அப்படியானால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, காயத்தைச் சுற்றிய இறகுகளைக் கத்தரித்து, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கரைத்து, அந்த நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு வேண்டாம். அது இறகில் பரவி நீர் ஒட்டாத தன்மையைக் கெடுத்துவிடும். மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்பையும் தவிர்த்துவிடுங்கள். குட்டைக்கு விடவே கூடாது. ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்பதால், வலைத்துணி போட்ட, இருட்டான, கதகதப்பான பெட்டியில் காய்ந்த துணி விரித்து வைத்து, காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். சோர்ந்திருக்கும்போது அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பெரும்பாலான கடிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும். அதை எடை பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும். மருந்து கொடுக்கும் நாட்களிலும் அதன்பின் அவர் சொல்லும் நாட்கள் வரையிலும் அந்தப் பெட்டையின் முட்டையைத் தின்னவோ விற்கவோ வேண்டாம்.

அன்றிரவு வாத்துகளைக் காப்பாற்ற ஓடியபோது உங்களையோ வீட்டில் வேறு யாரையுமோ அந்த விலங்கு கடித்திருந்தால், நகத்தால் கீறியிருந்தால், சிறு கீறலாக இருந்தாலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். நாட்கள் கடந்துவிட்டன என்று விட்டுவிடாதீர்கள், இப்போதும் போகலாம்.

புண் உலர்ந்து, பெட்டை தானாகத் தின்னத் தொடங்கியதும், நேரடியாகக் கூட்டத்துக்குள் விட வேண்டாம். பல நாள் பிரிந்திருந்ததை மற்றவை கொத்தும். புதுக் கூட்டின் ஒரு மூலையை மீந்த வலையால் தடுத்து, இரண்டு மூன்று இரவு அதை அந்தப் பக்கம் படுக்க வையுங்கள். வலைக்கு இந்தப் பக்கம் மற்ற எட்டும் வந்து ஒட்டிப் படுக்கத் தொடங்கியதும் தடுப்பை எடுத்துவிடலாம்.